கல்லீரலின் இரு வரத்துகள்

பாடப்புத்தகத்தில் கல்லீரலின் ரத்த ஓட்டத்துக்குக் கிடைக்கும் இடம் நாலைந்து வரிதான். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும் கால் பங்கு கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது என்பது அதில் முதல் வரி. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் மனத்தில் அந்த முக்காலும் காலும் பதிந்துவிடும். சிரைதான் முதன்மை, தமனி கூடுதலாக வந்து சேர்வது என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொள்ளும். அந்த எண்ணம் நிற்காது என்பதைக் காட்டவே இரண்டையும் இங்கே அருகருகே வைக்கிறேன். எதை எடுத்துவிட்டால் எங்கே என்ன கெடுகிறது என்று இடம் இடமாகப் பார்த்தால்தான் இந்த இரண்டு குழாய்களின் குணமும் விளங்கும்.

வளர்ந்தவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. உடல் எடையில் அது இரண்டு சதவீதம்தான். ஆனால் இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ரத்தத்தில் கால் பங்கு, சுமார் 1,500 மில்லிலிட்டர், அதன் வழியே போகிறது. அதில் 1,100 மில்லிலிட்டர் அளவுக்குப் போர்ட்டல் சிரை கொண்டுவருகிறது, மீதி தமனியுடையது. ஆக்சிஜன் கணக்கைப் போட்டால் நிலைமை வேறு. தமனி ரத்தம் இதயத்திலிருந்து நேரே வருவது. போர்ட்டல் ரத்தமோ குடலுக்கும் இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் கணையத்துக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வருவது. ஆகவே கால் பங்கு ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி, கல்லீரலுக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஏறத்தாழ பாதியைத் தந்துவிடுகிறது.

இரண்டும் புறப்படும் இடத்தையும் பார்ப்போம். பெருந்தமனி உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் வந்ததும் முன்பக்கமாக ஒரு குட்டையான கிளையை விடுகிறது. சீலியாக் தண்டு என்று பெயர். அது உடனே மூன்றாகப் பிரியும். ஒன்று இரைப்பையின் இடப்பக்கத்துக்கு, ஒன்று மண்ணீரலுக்கு, ஒன்று கல்லீரலுக்கு. கல்லீரல் நோக்கிப் போவது கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டி வலப்பக்கம் ஓடி, வழியில் இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் ஒரு பெரிய கிளையைக் கொடுத்துவிட்டு, மேலே ஏறி வலம், இடம் என்று இரண்டாகிறது. நாலைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள சிறிய குழாய். போர்ட்டல் சிரை உருவாவதும் அதே பகுதியில்தான். கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் மண்ணீரல் சிரையும் குடலிலிருந்து ஏறிவரும் சிரையும் கூடுமிடம் அது. எட்டு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம். உள்ளே வால்வு கிடையாது. வால்வு இல்லாததன் விளைவை, கல்லீரல் இறுகிப்போன நோயாளிகள்தான் பின்னால் அனுபவிக்கிறார்கள்.

வேற்றுமை மிகக் கூர்மையாகத் தெரிவது அழுத்தத்தில். தமனியில் சராசரி அழுத்தம் 90 முதல் 100 மில்லிமீட்டர் பாதரசம். போர்ட்டல் சிரையில் 5 முதல் 10. பத்து மடங்கு வேறுபாடுள்ள இந்த இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில் கலக்கின்றன. கல்லீரல் செல் வரிசைகளுக்கு நடுவே சைனுசாய்டு எனப்படும் நுண்ணிய குழிநாளங்கள் ஓடுகின்றன, அங்கேதான் சந்திப்பு. தமனியையும் சிரையையும் அப்படியே இணைத்தால் தமனியின் வேகம் சிரை ரத்தத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கல்லீரலில் அது நடப்பதில்லை. தமனியின் கடைசிக் கிளைகள் மிகமிக மெலிந்து, சுவர்த் தசையால் இறுகி, அழுத்தத்தையெல்லாம் வழியிலேயே இழந்துவிட்டு, சில மில்லிமீட்டர் அழுத்தத்தோடு சைனுசாய்டுக்குள் நுழைகின்றன. சிரையோ ஏற்கெனவே தாழ்ந்த அழுத்தத்தில் அகலமாக வந்து திறக்கிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு ஓட்டங்களை ஒன்றையொன்று நெருக்காமல் கலக்கவிடும் இந்த ஏற்பாடு, கல்லீரலின் எல்லா வேலைகளுக்கும் அடிப்படை. இதற்குப் பாடப்புத்தகம் ஒரு வரியாவது கூடுதலாகத் தரலாம்.

அறுவை மேசையில் இந்த இரண்டும் விரல்களுக்கு நடுவே வந்துவிடும். முன்சிறுகுடலுக்கும் கல்லீரலுக்கும் இடையே ஒரு மடிப்பு இருக்கிறது. அதன் வலது விளிம்பின் பின்னால் வின்ஸ்லோ துளை என்ற இயற்கையான திறப்பு. இடக்கை ஆள்காட்டி விரலை அந்தத் துளைக்குள் விட்டு, கட்டைவிரலை முன்னால் வைத்துப் பிடித்தால், விரல்களுக்கு இடையில் மூன்று குழாய்கள் இருக்கும். முன்னால் வலப்பக்கம் பித்தநாளம். முன்னால் இடப்பக்கம் தமனி, அதன் துடிப்பு கட்டைவிரலில் தெரியும். இரண்டுக்கும் பின்னால் மெத்தென்று, துடிப்பே இல்லாமல், போர்ட்டல் சிரை. கிளாஸ்கோவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், விபத்தில் கல்லீரல் கிழிந்து ரத்தம் பெருகும்போது இந்த மடிப்பைப் பிடித்து நெருக்கினால் பெருக்கு நிற்கும் என்று 1908-இல் எழுதினார். அவர் அன்று அறுவை செய்த நோயாளிகள் பிழைக்கவில்லை. ஆனால் அந்தப் பிடி இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும்போது 15 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்து, மறுபடி அடைத்து என்று வேலை நடக்கிறது.

பிரிங்கிள் பிடியைப் போட்ட பிறகும் சில சமயம் ரத்தம் நிற்காது. கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகள் கிழிந்திருந்தால் பின்பக்கமாக ரத்தம் வரும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் தமனியின் இயல்பில் இருக்கிறது. சிலருக்கு இடது கல்லீரல் தமனி அந்த மடிப்புக்குள் வருவதே இல்லை. இரைப்பையின் இடது தமனியிலிருந்து கிளம்பி, வேறு மடிப்பு வழியாகக் குறுக்கே வந்து சேர்கிறது. இன்னும் சிலருக்கு வலது தமனி குடல் தமனியிலிருந்து புறப்பட்டு, போர்ட்டல் சிரைக்குப் பின்னால் ஏறி வரும். அமெரிக்க உடற்கூற்றியலாளர் நிக்கலஸ் மிக்கேல்ஸ் 200 உடல்களை அறுத்துப் பார்த்து, இந்த வேறுபாடுகளைப் பத்து வகையாகப் பிரித்தார். பாடப்புத்தகத்தில் வரைந்திருக்கும் ‘இயல்பான’ அமைப்பை அவர் கண்டது 55 சதவீதம் பேரிடம்தான். ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பொருந்தாத ஒரு படத்தை இயல்பு என்று கற்றுத் தருகிறோம்.

காரணம் கருவில் கிடக்கிறது. கருவின் கல்லீரலுக்கு மூன்று தமனிகள் உண்டு: இரைப்பையின் இடது தமனியிலிருந்து ஒன்று, சீலியாக் தண்டின் நடுக்கிளையிலிருந்து ஒன்று, குடல் தமனியிலிருந்து ஒன்று. நாளடைவில் நடுவிலுள்ளது நின்று மற்ற இரண்டும் மறைய வேண்டும். எது மறைகிறது, எது தங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. போர்ட்டல் சிரையும் கருவில் பல சிரைகள் கூடியும் மறைந்தும் உருவாவதுதான். ஆனாலும் அதன் அடித்தண்டு அநேகமாக எல்லோரிடமும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி இருக்கும். கல்லீரலுக்குள் போய்ப் பிரியும் இடத்தில்தான் சில வேறுபாடுகள். அறுவை மருத்துவர் சிரையை அதன் இடத்தில் போய்க் காணலாம். தமனியை ஒவ்வொரு நோயாளியிடமும் புதிதாகத் தேட வேண்டும். பித்தப்பை எடுக்கும் சாதாரண அறுவையில்கூட, வலது தமனி எதிர்பாராத இடத்தில் ஓடினால் அது வெட்டுப்படும் அபாயம் உண்டு.

இருந்தும் வரலாற்றில் நெடுங்காலம் கவனமெல்லாம் சிரைமீதே இருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் கேலன், உண்ட உணவின் சாறு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது, அங்கேதான் ரத்தம் பிறக்கிறது என்றார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் அதுதான் மருத்துவம். 1628-இல் ஹார்வி ரத்தச் சுழற்சியை எழுதியதும் அந்தக் கட்டடம் ஆட்டம் கண்டது. உணவின் கொழுப்புச் சாறு கல்லீரலைத் தொடாமல் நிணநாளங்கள் வழியாகப் போவது தெரியவந்ததும், டென்மார்க்கின் தாமஸ் பார்த்தோலின் 1653-இல் கல்லீரலுக்குக் கல்லறை வாசகமே எழுதிவிட்டார். மறு ஆண்டே லண்டனில் பிரான்சிஸ் கிளிசன் கல்லீரலைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். தமனி, சிரை, பித்தநாளம் மூன்றும் ஒரே உறையில் சேர்ந்து ஓடுவதை அதில் விவரித்தார். அந்த உறைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கேலன் சொன்ன காரணம் தவறு. ஆனால் போர்ட்டல் சிரை கல்லீரலுக்கு வேலை கொண்டுவரும் குழாய் என்ற உள்ளுணர்வு சரிதான். அதை நிறுவியவர் கிளாட் பெர்னார். 1848 முதல் பாரிஸில் அவர் செய்த சோதனைகளில், இறைச்சி மட்டுமே தின்ற நாயின் போர்ட்டல் சிரையில் சர்க்கரை இல்லை. கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரையில் இருந்தது. உள்ளே வராத பொருள் வெளியே போகிறதென்றால் கல்லீரலே அதை ஆக்குகிறது என்று அர்த்தம். இப்படி உட்செல்லும் ரத்தத்தையும் வெளிவரும் ரத்தத்தையும் ஒப்பிட்டுத்தான் கல்லீரல் என்ன செய்கிறது என்று மருத்துவம் தெரிந்துகொண்டது.

இனி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். முதலில் சிரை. 1877-இல் ரஷ்யாவின் ராணுவ மருத்துவர் நிக்கொலாய் எக், நாய்களில் போர்ட்டல் சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையோடு நேரடியாக இணைத்தார். குடல் ரத்தம் கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்குப் போய்விடும். கல்லீரலுக்குத் தமனி மட்டுமே மிச்சம். அவருடைய நாய்களில் ஒன்றுதான் இரண்டரை மாதம் வரை இருந்தது, அதுவும் ஓடிப்போய்விட்டது. 1893-இல் பாவ்லோவும் அவருடைய கூட்டாளிகளும் அதே அறுவையைத் திருத்தமாகச் செய்து நாய்களைப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்த நாய்கள் இறைச்சி தின்றதும் தள்ளாடின, வலிப்பு கண்டன, மயக்கத்தில் விழுந்தன. புரதத்திலிருந்து குடலில் உண்டாகும் அம்மோனியா மாற்றப்படாமல் மூளைக்குப் போனதுதான் காரணம். கல்லீரல் இறுகிப்போன சிரோசிஸ் நோயாளி பகலும் இரவும் தெரியாமல் உளறுவதைப் பார்க்கும் குடும்பத்தார் காண்பது இதே வகைக் கோளாறைத்தான். அந்த நாய்களின் கல்லீரலோ தமனி ரத்தத்தால் உயிரோடு இருந்தது. ஆனால் சுருங்கிக்கொண்டே போனது. ஏன் சுருங்கியது என்பதை அமெரிக்காவின் தாமஸ் ஸ்டார்சலும் அவருடைய குழுவினரும் பின்னால் தெளிவாக்கினார்கள். கணையத்திலிருந்து வரும் ரத்தத்தை நாயின் கல்லீரலில் ஒரு பாதிக்கும், மற்ற ரத்தத்தை மறு பாதிக்கும் பிரித்துவிட்டுப் பார்த்தபோது, கணைய ரத்தம் கிடைத்த பாதி செழித்தது, மற்றது மெலிந்தது. இன்சுலின் அதில் முக்கியப் பங்கு வகித்தது.

அடுத்து தமனி. நாயின் கல்லீரல் தமனியைக் கட்டிவிட்டால் கல்லீரல் அழுகி நாய் செத்துப்போகும் என்பது அந்தக் காலத்துப் பாடம். 1949-இல் கனடாவின் ஜேக்கப் மார்க்கோவிட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் தமனியைக் கட்டிவிட்டுப் பெனிசிலின் கொடுத்தார்கள். நாய்கள் பிழைத்தன. ஆக்சிஜன் குறையும் நேரத்துக்காகக் கல்லீரலுக்குள்ளேயே காத்திருந்த பாக்டீரியாக்கள்தான் அதுவரை நாய்களைக் கொன்றிருக்கின்றன. போர்ட்டல் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால், தமனி நின்றாலும் கல்லீரல் செல்கள் தாங்கும். மனிதரிலும், விபத்தில் தமனியைக் கட்டவேண்டி வந்த பலர் பிழைத்திருக்கிறார்கள். சுற்றுப்புறத்துச் சிறு தமனிகள் மெல்ல மெல்ல விரிந்து உதவிக்கு வந்துவிடும்.

இதுவரை படித்தால் தமனி இல்லாமலும் சமாளிக்கலாம் என்று தோன்றும். அந்த முடிவைப் புரட்டிப்போடுவது பித்தநாளம். கல்லீரல் செல்லுக்கு இரண்டு ரத்தமும் கலந்து கிடைக்கிறது. பித்தநாளத்தின் சுவருக்கோ தமனி ரத்தம் மட்டும்தான். நாளங்களைச் சுற்றிச் சின்னஞ்சிறு தமனிகள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. கல்லீரலுக்கு வெளியே உள்ள நாளத்தின் இரு பக்கமும், கடிகாரத்தில் 3 மணியும் 9 மணியும் இருக்கும் இடங்களில், இரண்டு மெல்லிய தமனிகள் ஓடுகின்றன. அவற்றுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி கீழிருந்து, முன்சிறுகுடல் பக்கத்திலிருந்து ஏறுகிறது என்று 1979-இல் நார்த்தோவரும் டெர்பிளாஞ்சும் காட்டினார்கள்.

கல்லீரல் மாற்று அறுவையில் இந்தச் செய்தி உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது. தானமாக வரும் கல்லீரலின் பித்தநாளத்துக்குக் கீழிருந்து வந்த ரத்தம் அறுபட்டுவிட்டது. உதவிக்கு வரக்கூடிய சுற்றுப்புறத் தமனிகள் எல்லாமே அறுபட்டுவிட்டன. மருத்துவர் தைத்துவைத்த ஒரே தமனியைத்தான் நாளங்கள் நம்பியிருக்கின்றன. அதில் ரத்தம் உறைந்து அடைத்தால் கல்லீரல் செல்கள் சில நாள் தாக்குப்பிடிக்கலாம், நாளங்கள் கருகிவிடும். பித்தம் கசியும், சீழ்க்கட்டி பிடிக்கும், நாளம் ஆங்காங்கே சுருங்கும். உடனே கண்டுபிடித்து அடைப்பை நீக்காவிட்டால் இன்னொரு கல்லீரல் தேட வேண்டியதுதான். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இந்த அபாயம் அதிகம். உயிருள்ளவரிடமிருந்து எடுத்துவைக்கும் கல்லீரல் துண்டில் தமனி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். ஜப்பானின் கியோட்டோ மருத்துவர்கள் 1990-களின் தொடக்கத்தில் அந்த ஒரு தையலுக்காக நுண்ணோக்கியை அறுவை அரங்குக்குள் கொண்டுவந்தார்கள். மனித முடியைவிட மெல்லிய நூலால் ஒவ்வொரு முடிச்சாகப் போடும் வேலை அது. போர்ட்டல் சிரையைத் தைக்க அவ்வளவு பாடு இல்லை. கால் பங்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்க்கு இவ்வளவு பாடு.

ஆகவே அறுவை முடிந்த முதல் நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கையருகே டாப்ளர் ஸ்கேன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கருவியை வலது விலா எலும்புகளுக்கு இடையில் சாய்த்துப் பிடித்தால் முதலில் அகப்படுவது போர்ட்டல் சிரை. திரையில் மெல்ல ஏறி இறங்கும் பட்டை. ஒலியைக் கூட்டினால் இடைவிடாத காற்றிரைச்சல். கருவியை இம்மி நகர்த்தினால் அதே இடத்தில் தமனி: ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் செங்குத்தாக எழும்பி, பிறகு சரிந்தாலும் அடிக்கோட்டைத் தொடாமல் நிற்கும் முகடுகள். அடிக்கோட்டைத் தொடாமல் நிற்பது முக்கியம். இதயம் விரியும் நேரத்திலும் ரத்தம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். முகடு மட்டும் இருந்து, இடையில் ஒன்றுமில்லாமல் போனால் மருத்துவர் முகம் மாறிவிடும்.

இரண்டு குழாய்களுக்கும் இடையிலான உறவில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது வேறொன்று. தமனி சிரைக்கு ஏற்ப நடந்துகொள்கிறது. சிரை தமனியைக் கண்டுகொள்வதில்லை. போர்ட்டல் ஓட்டம் குறைந்தால் தமனி உடனே விரிந்து கூடுதல் ரத்தம் விடுகிறது. சாப்பிட்ட பிறகு குடலிலிருந்து ரத்தம் பெருகி வந்தால் தமனி சுருங்கிக்கொள்கிறது. டெல்டா விவசாயி வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் போர் மோட்டாரைப் போடுவார், தண்ணீர் வந்தால் நிறுத்துவார். மோட்டார் ஓடுகிறதா என்று வாய்க்கால் கேட்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது கவனிக்கப்பட்டிருந்தாலும், கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெய்ன் லாட் 1981-இல் இதற்குப் பெயர் கொடுத்து, வழிமுறையையும் பின்னர் விளக்கினார். கல்லீரலுக்குள் தமனியும் போர்ட்டல் கிளையும் ஒட்டி ஓடும் நுண்ணிய இடைவெளியில் அடினோசின் என்ற பொருள் சதா சுரந்துகொண்டிருக்கிறது. போர்ட்டல் ஓட்டம் நன்றாக இருந்தால் அது அடித்துச் செல்லப்படும். ஓட்டம் குறைந்தால் தேங்கி நின்று பக்கத்துத் தமனியின் தசையைத் தளர்த்திவிடும். நரம்பும் வேண்டாம், ஹார்மோனும் வேண்டாம்.

தமனி ஆக்சிஜன் குழாய் என்று நினைப்பவர்களுக்கு லாட் சொன்ன இன்னொரு செய்தி அதிர்ச்சியாக இருக்கும். கல்லீரலுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும்போது தமனி விரிவதில்லை. செல்கள் வரும் ரத்தத்திலிருந்தே கூடுதலாக உறிஞ்சிக்கொள்கின்றன. தமனி காப்பாற்றப் பார்ப்பது மொத்த ஓட்டத்தை. ரத்தத்திலுள்ள ஹார்மோன்களும் மருந்துகளும் கல்லீரலில் அகற்றப்படும் வேகம் அந்த ஓட்டத்தைப் பொறுத்தது; அது ஏறி இறங்கினால் உடல் முழுவதும் தடுமாறும். போர்ட்டல் ஓட்டம் முழுதாக நின்றுபோனால் தமனியால் அந்தக் குறையை முழுதாக நிரப்ப முடியாது. ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும்.

சிரை கொண்டுவருவது எல்லாமே நல்லதாக இருப்பதில்லை. பெருங்குடலிலுள்ள அமீபா போர்ட்டல் ரத்தத்தில் ஏறிக் கல்லீரலில் வந்து சீழ்க்கட்டி உண்டாக்கும். பெரும்பாலும் வலது மடலில். யாழ்ப்பாணத்தில் கள் அருந்தும் ஆண்களிடையே இது மிகுதியாகக் காணப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோய் பரவும்போது முதலில் கல்லீரலுக்கு வருவதும் இதே வழியில். விழுங்கும் மருந்துகள் எல்லாமே உடலுக்குள் போகும் முன் இந்தச் சுங்கத்தைத் தாண்ட வேண்டும். நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது அதனால்தான்: வாயின் சிரைகள் போர்ட்டல் சிரையில் சேர்வதில்லை.

கல்லீரல் புற்றுநோய் வந்தால் இரண்டு குழாய்களின் பங்கும் பிரிந்து தெரியும். ஆரோக்கியமான கல்லீரல் திசு பெரும்பாலும் சிரை ரத்தத்தில் வாழ்கிறது. கட்டியோ ஏறத்தாழ முழுக்கத் தமனி ரத்தத்தில் வாழ்கிறது. 1954-இல் பிரீடிஸ், யங் ஆகிய இருவரும் சாயம் செலுத்திப் பார்த்து இதை நிறுவினார்கள். சிரோசிஸ் உள்ள ஒருவருக்கு ஊசி மூலம் மருந்து செலுத்தி சி.டி. எடுக்கும்போது, அரை நிமிடத்தில் மருந்து தமனி வழியாக வந்து சேரும். கல்லீரல் முழுதும் மங்கலாக இருக்க, கட்டி மட்டும் வெள்ளையாக ஒளிரும். 70 விநாடி ஆகும்போது போர்ட்டல் சிரை வழியாக மருந்து வந்து கல்லீரல் வெளுத்துவிடும். அப்போது கட்டி கறுத்துத் தெரியும். அப்படிப்பட்டவரிடம் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி இவ்விதம் ஒளிர்ந்து மங்கினால், ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்காமலேயே நோயை உறுதிசெய்துவிடலாம்.

சிகிச்சையும் இந்த வேற்றுமையில்தான் நிற்கிறது. தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ தமனிக்குள் மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே சீலியாக் தண்டு, கல்லீரல் தமனி, அதன் கிளை, கிளையின் கிளை என்று கட்டியின் வாசல் வரை நகர்த்துகிறார்கள். அங்கே புற்றுநோய் மருந்தை லிப்பியோடால் என்ற எண்ணெயில் குழைத்துச் செலுத்துகிறார்கள். அது கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்துச் செய்தது. பிறகு தமனிக் கிளையை நுண்துகள்களால் அடைத்துவிடுகிறார்கள். கட்டிக்கு மருந்தும் போய்ச் சேர்கிறது, சோறும் நிற்கிறது. பக்கத்திலுள்ள நல்ல திசு சிரை ரத்தத்தால் தப்பித்துக்கொள்கிறது. பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் நடந்து 2002-இல் வெளியான இரண்டு ஆய்வுகள், இந்த முறையால் நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்வதைக் காட்டின. ஆனால் போர்ட்டல் சிரையின் அடித்தண்டு ஏற்கெனவே அடைபட்டிருந்தால் மருத்துவர்கள் இதைச் செய்யத் தயங்குவார்கள். அப்போது நல்ல திசுவுக்கும் தமனி மட்டுமே துணை. அதை அடைத்தால் கட்டியோடு கல்லீரலும் போகும்.

இதற்கு நேரெதிராக, வேண்டுமென்றே சிரையை அடைக்கும் சிகிச்சையும் உண்டு. கல்லீரலின் வலப்பாதியை வெட்டியெடுக்க வேண்டும், ஆனால் மிஞ்சும் இடப்பாதி உயிர் வாழப் போதாது என்ற நிலையில், அறுவைக்கு முன்பே வலப்பாதியின் போர்ட்டல் கிளையை அடைத்துவிடுவார்கள். குடல் ரத்தமும் கணைய ரத்தமும் முழுக்க இடப்பாதிக்குத் திரும்பும். நாலைந்து வாரத்தில் அந்தப் பாதி வளர்ந்துவிடும். 1980-களில் ஜப்பானில் தொடங்கிய முறை இது. வலப்பாதி தமனி ரத்தத்தால் உயிரோடு இருந்தாலும் மெலியும். ஸ்டார்சலின் நாய்களில் கண்டதை மனிதருக்குப் பயன்படுத்தியது போலத்தான். வளர்ச்சி வேண்டுமென்றால் தமனியால் முடியாது, சிரை வேண்டும்.

நம் நாட்டுக் குழந்தைகள் சிலருக்கு இந்தச் சிரை சிறு வயதிலேயே அடைபட்டுப்போகிறது. பிறந்த புதிதில் தொப்புளில் ஏற்பட்ட சீழ்த்தொற்று ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. எட்டு, பத்து வயதில் ஒரு நாள் திடீரென்று ரத்தமாக வாந்தி எடுப்பார்கள், தாய்தகப்பன் பதறிப்போவார்கள். சோதித்தால் மண்ணீரல் பெருத்திருக்கும், உணவுக்குழாயில் சிரைகள் புடைத்திருக்கும். ஆனால் கல்லீரல் பரிசோதனைகள் அநேகமாகச் சரியாக இருக்கும். அடைபட்ட சிரையைச் சுற்றிச் சிறு சிரைகள் கொத்தாக வளர்ந்து கொஞ்சம் ரத்தம் கொண்டுபோகும். மீதியைத் தமனி பார்த்துக்கொள்ளும். சிரோசிஸில் ரத்த வாந்தி எடுப்பவருக்குக் கல்லீரலே பழுது. இந்தக் குழந்தைக்குக் குழாய்தான் பழுது. பெற்றோரிடம் இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்வது மருத்துவரின் கடமை. ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்திவிட்டால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படித்து, வளர்ந்து, குடும்பம் நடத்துகிறார்கள்.

இரண்டு குழாய்களும் ஒரே முடிச்சில் வந்து நிற்கும் இடம், உயிருள்ளவரின் கல்லீரல் துண்டைப் பொருத்தும் அறுவை. தகப்பனுக்கு மகள் தன் கல்லீரலின் ஒரு பகுதியைத் தருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். துண்டு சிறியது. தகப்பனின் குடலிலிருந்தும் பெருத்துப்போன மண்ணீரலிலிருந்தும் வரும் போர்ட்டல் ரத்தம் முழுவதும் அந்தச் சிறு துண்டுக்குள் பாய்கிறது. அழுத்தத்தில் சைனுசாய்டுகள் நசுங்குகின்றன. அதைவிடக் கெடுதல், அடினோசின் எல்லாம் அடித்துச் செல்லப்படுவதால் தமனி சுருங்கிவிடுகிறது. எல்லாத் தையலும் சரியாக இருந்தும் டாப்ளரில் தமனியின் முகடுகள் தணிந்துபோகும். தமனியில் கோளாறு தெரிகிறது, காரணம் சிரையில் இருக்கிறது. மருத்துவர் அப்போது கைவைப்பது மூன்றாவது ஒரு குழாயில்: மண்ணீரல் தமனி. அதைக் கட்டினால் மண்ணீரல் வழியாகப் போர்ட்டல் சிரைக்கு வரும் வெள்ளம் குறைகிறது. சீலியாக் தண்டில் அந்தக் கிளை அடைபடுவதால் அதற்குப் போய்க்கொண்டிருந்த ரத்தம் பக்கத்துக் கிளையான கல்லீரல் தமனிக்குத் திரும்புகிறது. போர்ட்டல் அழுத்தத்தை 15 மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுவருவது கியோட்டோ குழுவினர் வைத்துக்கொண்ட இலக்கு. முடிச்சைப் போட்டதும் அறுவை அரங்கிலேயே மறுபடி டாப்ளர் வைத்துப் பார்ப்பார்கள். முதலில் சிரையின் வேகம் தணிந்திருக்கிறதா என்று; அடுத்து, இதயம் விரியும் நேரத்திலும் தமனியில் ஓட்டம் இருக்கிறதா என்று. இரண்டுக்கும் விடை சரியாக இருந்தால்தான் வயிற்றை மூடுவார்கள்.